5 பவுண்டு நோட்டில் இருந்த அம்மையார்

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்த பழைய 5 பவுண்டு நோட்டு (2002 முதல் 2017 வரை செல்லுபடியானது) வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் தொப்பி அணிந்த ஓர் அம்மையார் இருப்பார். நோட்டு எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் இவரைப் பற்றித் தேடினேன்.

எலிசபெத் ஃப்ரை 1780-இல் நார்விச்சில், வங்கி நடத்திய குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 11 பிள்ளைகளின் தாய். 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனார். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் கிடந்தார்கள். 1817-இல் சங்கம் அமைத்து, படிப்பும் தையலும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

1828-இல் கணவரின் வங்கி திவாலானது. வங்கி ஊழியருக்குத்தான் தெரியும் அந்த அவமானம். சபையும் கணவரை விலக்கியது. ஆனாலும் இவர் சிறைக்குப் போவதை நிறுத்தவில்லை.

1845-இல் காலமானார். விடுதலையான பெண்களுக்குப் போக்கிடம் இல்லையே என்று, 1849-இல் ஹாக்னியில் அவர் பெயரிலேயே ஒரு விடுதி திறந்தார்கள். தையல், சலவை என்று அங்கே வேலை செய்து, பிறகு வீட்டு வேலைகளுக்குப் போனார்கள்.

அப்படி ஒரு பெண் வேலை கேட்டு வந்திருந்தால் நான் வீட்டுச் சாவியைக் கொடுத்திருப்பேனா? உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் யோசித்திருப்பேன். நீங்கள்?