பிறந்த அன்னைக்கே சேவலா, பெட்டையா? குஞ்சின் நிறத்தை வைத்தே சொல்ல வைத்த புன்னட் யார்?

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு 'புன்னட் கட்டம்' ஞாபகம் இருக்கும். நாலு கட்டம் போட்டு, அப்பா பக்கம் ஒரு எழுத்து, அம்மா பக்கம் ஒரு எழுத்து எழுதி மார்க் வாங்கியிருப்போம். அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரர், வாழ்க்கையில் பெரும்பகுதியை கோழிகளோடுதான் கழித்தார்.

ரெஜினால்ட் புன்னட் 1875-ல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் விலங்கியல் படித்து, முதலில் ஆராய்ந்தது கடல் புழுக்களை. மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் 1900-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும், அது விலங்குகளுக்கும் பொருந்தும் என்று கோழிக் கொண்டையை வைத்துக் காட்டியவர் வில்லியம் பேட்சன். அவரோடு புன்னட் போய்ச் சேர்ந்தார். பெரிய ஆய்வகம் எல்லாம் கிடையாது. பேட்சனின் வீட்டுத் தோட்டத்திலேயே கோழிகள் வளர்ந்தன. 1912-ல் கேம்பிரிட்ஜின் முதல் மரபியல் பேராசிரியர் நாற்காலி புன்னட்டுக்குக் கிடைத்தது.

அப்புறம் வந்தது முதல் உலகப்போர். பிரிட்டனில் தானியத்துக்குத் தட்டுப்பாடு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். சேவல் முட்டை போடாது, ஆனால் தீவனம் தின்னும். கொண்டை எழும்பி வித்தியாசம் தெரிய பல வாரம் ஆகிவிடும். அதுவரை போடும் தீவனத்தை எப்படி மிச்சம் பிடிப்பது?

புன்னட் சொன்ன வழி, இறகு நிறம்!

மனிதர்களில் அப்பாவிடமிருந்து வருவதுதான் ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்யும். பறவைகளில் தலைகீழ், அம்மாதான் முடிவு செய்கிறது. தாய்க்கோழி தன் ஒரே 'இசட்' குரோமோசோமை மகனுக்கு மட்டுமே தரும், மகளுக்குத் தராது. வெள்ளி, பொன் நிற மரபணு இருப்பதும் அதே இசட்டில்தான். சிவப்பான ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வெள்ளி நிற லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால் மகன்கள் வெளிர் மஞ்சளாகவும், மகள்கள் பழுப்பாகவும் பொரியும். பார்த்த உடனே பிரிச்சிடலாம். ஜோடியை மாற்றிப்போட்டால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

சேவல் குஞ்சுகளை அப்போதே ஒழித்துவிடுவார்கள், அல்லது கறிக்காகத் தனியே வளர்ப்பார்கள். கேட்க கஷ்டமாத்தான் இருக்கு. முட்டைத் தொழிலில் இந்தப் பிரச்னை இன்னும் தீரவில்லை. சேவல் குஞ்சுகளைக் கொல்வதற்கு ஜெர்மனி 2022-ல்தான் தடை போட்டது.

இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. நிறக் கணக்கு ஒரே தலைமுறைக்குத்தான். அடுத்த முறையும் இரண்டு இனத்தையும் தனித்தனியாக வைத்திருந்து சேர்க்க வேண்டும். சின்ன அளவில் கோழி வளர்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் புன்னட்டும் மைக்கேல் பீஸும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக நிறத்திலேயே வித்தியாசம் காட்டும் தனி இனத்தை உருவாக்க இறங்கினார்கள். உடம்பெல்லாம் வரி போட்ட பிளைமவுத் ராக், பொன்னிற கேம்பைன் இரண்டையும் கலந்து, 1930 வாக்கில் வந்ததுதான் கேம்பர். வரி மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் சேவல் குஞ்சு வெளிறி மங்கலாகவும், பெட்டைக் குஞ்சு பளிச்சென்ற கோடுகளோடும் பொரிந்தன. அடுத்து லெக்ஹார்ன் ரத்தம் சேர்த்து, முட்டைக்குப் பேர்போன லெக்பார் வந்தது.

இடையில் இன்னொரு வேலையும் பார்த்தார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோழிகள் நீல நிற முட்டை இட்டன. வெறும் ஒரே ஒரு மரபணுதான் அதற்குக் காரணம் என்று 1933-ல் காட்டினார். கிரீம் லெக்பார் கோழிகள் இன்றும் நீல முட்டை இடுவது அந்த வழியில் வந்ததால்தான்.

ஆனால் பெரிய பொரிப்பகங்களைப் பிடித்தது வேற முறை. குஞ்சின் ஆசனவாயைப் பார்த்துப் பாலினம் சொல்லும் ஜப்பானிய வித்தை, 1930-களில் உலகம் முழுக்கப் பரவ ஆரம்பித்தது.

1940-ல் ஓய்வு பெற்ற புன்னட், 1967 ஜனவரியில் 91 வயதில் காலமானார். 1910-ல் அவரும் பேட்சனும் ஆரம்பித்த மரபியல் இதழ் பிறகு ஹால்டேன் கைக்குப் போய், அவரோடு இந்தியாவுக்கு வந்தது. இப்போது பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி அதை வெளியிடுகிறது.