ரெனே தூரி

உலகம் வென்றோரைப் புகழும். தோற்றோரை எளிதில் மறக்கும். ஆயினும், தோற்றதாகக் கருதப்பட்ட கருத்தொன்று, அதனைக் கண்டவர் மறைந்து பல்லாண்டு சென்றபின் தழைத்தெழுதலும் உண்டு. மின்சார நிபுணர் ரெனே தூரியின் சரித்திரம் அத்தகையது.

இவர் 1860-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு பேராசிரியர். மைந்தரோ பதினான்காம் வயதிலேயே பௌதிகக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையொன்றிற் தொழில் பயிலப் புகுந்தார். 1880-இல் அமெரிக்கா சென்று, எடிசனுடைய ஆய்வுக்கூடத்திற் சில மாதம் தங்கி, டைனமோவின் நுட்பங்களைக் கற்று மீண்டார்.

நெடுந்தூரம் மின்சாரம் அனுப்ப உயர்ந்த அழுத்தம் வேண்டும். மாறு மின்னோட்டத்தின் அழுத்தத்தை டிரான்ஸ்பார்மரால் எளிதில் உயர்த்தலாம். நேர் மின்னோட்டத்திற்கு அவ்வசதி இல்லை. தூரி மனந்தளராது வேறொரு வழி கண்டார். பல டைனமோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார். அவற்றின் சிறு அழுத்தங்கள் கூடிப் பேரழுத்தம் ஆயின. மின்னோட்டத்தை மட்டும் என்றும் ஒரே அளவில் நிறுத்தினார். தேவை மிகுந்தால் மற்றொரு டைனமோ தொடரிற் சேரும். குறைந்தால் ஒன்று விலக்கப்படும். இடையில் நேரும் சிறு மாறுதல்களைத் தானியங்கும் கருவிகள் சரிசெய்தன.

1889-இல் இத்தாலியின் ஜெனோவாவில் இம்முறை தொடங்கிற்று. 1906-இல் பிரான்ஸ் தேசத்தில், மூத்தியேர் என்னும் மலையூரிலிருந்து லியோன் நகருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தூரம், 57,600 வோல்ட் அழுத்தத்தில் 75 ஆம்பியர் ஓடலாயிற்று. இவரை நேர் மின்னோட்டத்தின் அரசர் என்றே அழைத்தனர்.

ஆயினும் குறைகள் இல்லாமலில்லை. சுழலும் யந்திரங்கள் அனைத்தையும் தரையினின்று மின்காப்புச் செய்ய வேண்டியிருந்தது. தேவை குறைந்த வேளையிலும் கம்பியில் நேரும் நஷ்டம் குறையவில்லை. மாறு மின்னோட்டமே எங்கும் பரவிற்று. லியோன் வழி 1936-இல் நிறுத்தப்பட்டது. தம் வாழ்நாட் பணி ஓய்ந்ததைக் கண்டபின், 1938-இல் தூரி காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2010-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியில், பன்னிலை மின்மாற்றி நிலையங்களால் 400 மெகாவாட் நேர் மின்னோட்டமாகச் செல்லத் தொடங்கிற்று. அந்நிலையங்களில் சுழலும் யந்திரம் ஏதுமில்லை. மின்னேற்றத்தைத் தேக்கும் கண்டென்சரும் குறைகடத்திச் சுவிட்சுகளும் கொண்ட சிற்றறைகள் பல தொடராக நிற்கின்றன. வேண்டியபோது அறை சேர்க்கப்படுகின்றது, வேண்டாதபோது விலக்கப்படுகின்றது. மின்னோட்டத்தை ஓயாது அளந்து, எத்தனை அறைகள் சேரவேண்டும் என்பதைக் கணிப்பொறி கணந்தோறும் தீர்மானிக்கின்றது. அறைகளின் அழுத்தம் சமன் குலைந்தால், வெளியே பயன்படாத ஓட்டமொன்று உள்ளேயே சுழன்று வெப்பமாய் வீணாகும். அதனையும் அக்கணிப்பொறியே அடக்குகின்றது. நம் நாட்டிலும் 2021-இல் புகளூருக்கும் திருச்சூருக்கும் இடையே இத்தகைய வழி திறக்கப்பட்டது.

சேர்த்தலும் விலக்கலுமாகிய தூரியின் முறையே இங்கும் அடிப்படை. அவருக்கு இல்லாதிருந்தது விரைந்தியங்கும் சுவிட்ச் ஒன்றே. மாணவர்காள், முயற்சி உடனே பலிக்காவிடினும் வீணென்று எண்ணற்க. அதற்கேற்ற கருவி பின்னொரு நாள் பிறக்கவுங் கூடும்.