பட்டம் விட்ட பையன் சங்கீதப் புலி ஆனார்!

காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் வாழ்க்கை

காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் சாலைக் கிணறு இருக்கிறது. ராமானுஜர் அந்தக் கிணற்றில் இருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போனார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. ஒரு நாளைக்கு ஒரு குடம்தான். ஆனால், ஒரு நாளும் தவறியது இல்லை!

குழந்தைகளின் பாட்டுப் பயிற்சியும் அப்படித்தான். அதற்குச் சாட்சி, அதே காஞ்சீபுரத்தில் வாழ்ந்த நாயனாப் பிள்ளை.

விளையாட்டுப் பிள்ளை

நாயனாப் பிள்ளை 1889-ம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணியம். தாயார் காமாட்சி அம்மாளும், தாயாரின் சகோதரி தனகோடி அம்மாளும் புகழ் பெற்ற பாடகிகள்.

வீடு நிறையப் பாட்டு. பையனுக்கோ பாட்டில் நாட்டம் இல்லை. பட்டம் விடுவான். குஸ்தி பழகுவான். இப்படியே சிறு வயது கழிந்தது.

வளர்ந்த பிறகுதான் மனம் பாட்டின் பக்கம் திரும்பியது. பிந்திவிட்டோமே என்று அவர் சோர்ந்து உட்காரவில்லை. குஸ்தியில் காட்டிய முனைப்பைப் பாட்டில் காட்டினார். ஜலதரங்க வித்வான் ரமணய்யா செட்டியாரிடம் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். விடாமல் சாதகம் செய்தார்.

பக்கவாத்தியப் படை

பலன் கிடைத்தது. தாளக் கணக்கில் அவரை அசைக்க ஆள் இல்லை. பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையே மேடையில் சூழ்ந்து இருக்கும். நடுவில் அவர் பல்லவி பாடுவார். புல் பெஞ்ச் கச்சேரி என்று அதற்குப் பெயர்!

சிறுமிக்கு முதல் பரிசு

தாம் பெற்ற ஆர்வத்தை அவர் பிள்ளைகளுக்கும் ஊட்டினார். காஞ்சீபுரத்தில் தியாகராஜர் உற்சவம் நடத்தினார். பாட்டுப் போட்டியும் வைத்தார்.

அந்தப் போட்டியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பைரவி ராகத்தில் பாடி, முதல் பரிசு பெற்றாள். அவள்தான் பிற்காலத்தில் பல்லவி பாடிப் புகழ் பெற்ற டி.கே.பட்டம்மாள்! விடியும் முன்பே எழுப்பி, அவளுக்குச் சுலோகம் சொல்லிக் கொடுத்தவர் தகப்பனார். அவள் கச்சேரிகளில் கேட்ட பாட்டை, வீட்டுக்கு வந்ததும் எழுதி வைப்பாள். தம்பிகளும் அதற்கு உதவினார்கள். குடும்பமே கூட இருந்தது.

வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சீபுரத்துக்கு வந்து நாயனாப் பிள்ளையிடம் பயின்றார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அவருடைய சீடரே.

விதைத்தது விளைந்தது

1934-ல் நாயனாப் பிள்ளை காலமானார். அப்போது அவர் ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை. ஆனால், விதைத்தது வீண் போகவில்லை. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது சித்தூராருக்கு 1954-லும், பட்டம்மாளுக்கு 1970-லும், பிருந்தாவுக்கு 1976-லும் கிடைத்தது.

பையன் பட்டம் விடுகிறானே என்று கவலைப்படும் பெற்றோரே! அடித்து உட்கார வைத்தால் பாட்டு வராது. நல்ல கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நன்றாகப் பாடினால் நாலு பேர் முன் பாராட்டுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு குடம் போதும். ஆனால், ஒரு நாளும் தவறக் கூடாது!