தச்சுப்பட்டறையில் தொடங்கிய ஆராய்ச்சி: லிசே மைட்னர் அம்மையார்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த காலத்தில் இலத்திரன் என்றால் தொம்சன், கரு என்றால் இரதபோட் என்று நாம் மனனஞ் செய்தோம். பெண்ணொருவரின் பெயர் வந்ததென்றால் அது மேரி கியூரி அம்மையாருடையதுதான். முப்பது வருடங்கள் பேர்லினில் இருந்து அணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்த லிசே மைட்னரைப் பற்றி நாம் அறிந்தது பாடசாலையை விட்டு வெகுகாலத்தின் பின்னரே.

அவர் 1878இல் வியன்னாவில், யூத வழக்கறிஞர் ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். அக்காலத்தில் அங்கே பெண்பிள்ளைகளின் பொதுப் பாடசாலைக் கல்வி பதினான்கு வயதோடு முடிந்துவிடும். 1897இல் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்தபோது, இழந்த எட்டு வருடப் படிப்பை இரண்டு வருடங்களில் தனிப்பட்ட முறையில் படித்து, 1901இல் புகுமுகப் பரீட்சை எழுதினார். தோற்றிய பதினான்கு பெண்களில் சித்தியடைந்தோர் நால்வர். அணு என்று ஒன்று உண்டா என்றே சில அறிஞர்கள் ஐயுற்ற அந்நாளில், அணுவுக்காக வாதாடிய போல்ட்ஸ்மான் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1906இல் கலாநிதிப் பட்டம் பெற்று, மறுவருடம் பேர்லின் சென்றார்.

அங்கே இரசாயனவியலாளர் ஓட்டோ ஹானுடன் சேர்ந்து கதிரியக்கத்தை ஆராய விரும்பினார். ஆனால் ஹான் பணியாற்றிய நிறுவகத்தில் பெண்களுக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த ஓர் அறையும் அதற்குத் தனி வாசலும் கொடுத்தார்கள். மேல்மாடி ஆய்வுகூடங்களுக்குப் போகக்கூடாது. மலசலகூடத்துக்கு அருகிலிருந்த உணவகத்துக்குத்தான் போகவேண்டும். சம்பளமும் இல்லை, வீட்டிலிருந்து வந்த பணத்தில் சீவித்தார்.

கதிரியக்கப் பொருள்கள் வீசும் பீற்றாக் கதிர்கள் வேகமான இலத்திரன்களே. ஒரே வகைக் கருவிலிருந்து வரும் இலத்திரன்கள் யாவும் ஒரே சக்தியுடன் வரவேண்டும் என்பது மைட்னரின் நம்பிக்கை. பரிசோதனைகளிலோ பலவித சக்திகள் தென்பட்டன. கருவை விட்டு வந்தபின் இடையில் சக்தி இழக்கப்படுகிறது என்று அவர் வாதிட்டார். கேம்பிரிட்ஜில் எல்லிஸ் மறுத்தார். 1927இல் எல்லிஸும் வூஸ்ரரும் வெப்பத்தை அளந்து தம் பக்கத்தை நிறுவினர். மைட்னர் நம்பவில்லை. இன்னும் நுட்பமான கருவி அமைத்துத் தாமே அளந்தார். முடிவு எல்லிஸுக்கே சாதகமாக வந்தது; அதை மறைக்காமல் வெளியிட்டார். பல வருட வாதத்தைத் தம் கையாலேயே தோற்கடித்த இந்த நேர்மைதான் எம்மை அதிகம் கவர்ந்தது. குறைந்துபோன சக்தியை எடுத்துச் செல்லும் புதிய துணிக்கை ஒன்று இருக்கலாம் என்று 1930இல் பௌலி எழுதியது இக்குழப்பத்தைத் தீர்க்கவே.

அணுவின் உள்ளோட்டில் ஏற்படும் வெற்றிடத்தை வேறோர் இலத்திரன் நிரப்பும்போது, மிஞ்சிய சக்தியால் இன்னோர் இலத்திரன் வெளியேறும். இதை 1922இல் கண்டவரும் இவரே. மறுவருடம் தனியாகக் கண்ட பிரெஞ்சுக்காரர் ஓஜேயின் பெயரே அதற்கு நிலைத்தது.

1933இல் நாசிகள் அவரது விரிவுரை உரிமையைப் பறித்தனர். 1938 யூலையில் பத்து மார்க் பணத்துடன் எல்லை கடந்தார். அவசரத்துக்கு விற்கலாம் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்திருந்தார். அவ்வருட மார்கழியில் ஹானும் ஸ்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது. காரணம் விளங்காத ஹான் மைட்னருக்குக் கடிதம் எழுதினார். சுவீடனின் பனியில் தமது சகோதரியின் மகன் ஓட்டோ பிரிஷுடன் நடந்துகொண்டே, கரு ஒரு நீர்த்துளிபோல இரண்டாகப் பிளக்கும் என்று கணக்கிட்டார். வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 20 கோடி இலத்திரன்வோல்ற்று.

அணுகுண்டு வேலைக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். 1944ஆம் ஆண்டுக்கான இரசாயன நொபெல் பரிசு ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. அது அநீதி என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் இருவரின் நட்பு முறியவில்லை. 1968இல் ஹான் காலமாகிச் சில மாதங்களில் மைட்னரும் கேம்பிரிட்ஜில் காலமானார்.

1997இல் 109ஆம் மூலகத்துக்கு மைற்னேரியம் எனப் பெயரிட்டார்கள். நாம் மனனஞ் செய்த ஆவர்த்தன அட்டவணையில் அந்தப் பெயர் இருக்கவில்லை.