டாக்டர் வித்யாசாகர்

பைத்தியசாலை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன பூட்டும் சங்கிலியுமே. அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் முன்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் டாக்டர் வித்யாசாகர் (1909–1978).

தேசப் பிரிவினையின் பயனாக, 1950ஆம் ஆண்டில் லாகூர் பைத்தியசாலையிலிருந்து இந்து, சீக்கிய நோயாளிகள் 450 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்த அமிர்தசரஸ் மருத்துவசாலையின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. நோயாளிகளோ மிகப் பலர். சிப்பந்திகளோ மிகச் சிலர். இவர் கண்ட உபாயம் எளிது. மைதானத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியுடன் அவன் உற்றாரையும் தங்கச் செய்தார். அவர்களைக் கூட்டி அமர்த்தி, இந்நோய் தீராப் பிணியன்று என்று பொறுமையுடன் விளக்குவார். தாயின் கையால் உண்டு அமைதியுற்றிருப்பவனை மூர்க்கனென்று எந்தச் சிப்பந்திதான் எண்ணுவான்?

நம் காஞ்சியில் தறியில் அமர்பவன் ஒருவனேயாயினும் வீடு முழுவதும் அதற்குக் கைகொடுக்கும். வைத்தியமும் அத்தகையதே என இவர் கருதினார் போலும்!

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் 1957 முதல் உறவினரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. இத்தனைக்குப் பின்னரும், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் நேர்ந்த தீவிபத்தில் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். தப்பியோட இயலாதபடி சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் அவர்களுட் பலர்.