தென்னையை மறவாத தூரிகை

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு தமிழருக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்தனர். தெருவின் பெயரும் அவர்களால் வந்ததே. அந்தத் தெருவில் 1922ஆம் ஆண்டு ஓர் இளைஞர் சிறிய ஓவியக்கூடம் ஒன்றைத் திறந்தார். பிற்காலத்தில் மலேசிய ஓவியக் கலையின் தந்தை எனப் போற்றப்பட்ட யோங் முன் சென்தான் அந்த இளைஞர்.

அவர் 1896ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோங் யென் லாங். குடும்பத்தினர் சீனாவின் தாய்ப்பூ வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஹக்கா மக்கள். தந்தைக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. ஓங்கி வளர்ந்த மரங்கள், காற்றில் அசையும் ஓலைகள், தரையில் விழும் நிழல்கள் ஆகியவற்றுக்கு நடுவேதான் அவர் தவழ்ந்து நடை பழகினார்.

அந்த வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1901ஆம் ஆண்டு, ஐந்தே வயதில், படிப்புக்காக அவரைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டனர். தென்சீனக் கடலுக்கு அப்பால், பிறந்த தோட்டத்தைப் பாராமலே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு சிறுவனுக்கு அது சிறிய பிரிவா என்ன? ஆனால், அங்கேதான் அவர் கையில் தூரிகை ஏறியது. அக்காலச் சீனப் பள்ளிகளில் எழுத்தைத் தூரிகையாலும் மையாலும்தான் பழக வேண்டும். மை தாளில் பட்டுவிட்டால் அழிக்க முடியாது. எனவே, கையை வைப்பதற்கு முன்பே கோடு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது மனத்தில் இருக்க வேண்டும்.

1910ஆம் ஆண்டு அவர் கூச்சிங்கிற்குத் திரும்பினார். அப்போது ஜப்பானிய ஓவியர் ஒருவர் நீர்வண்ணத்தில் வரைவதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கறுப்பு மையையே அறிந்திருந்த பதினான்கு வயதுச் சிறுவன், ஈரத் தாளில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து வானமாகவும் நீராகவும் மாறுவதை வியந்து நோக்கினான். நீர்வண்ணமும் மையைப் போன்றதே. திருத்த இடம் தராது. சீனப் பள்ளியில் பழகிய கைக்கு இது ஏற்ற கலையாக அமைந்ததில் வியப்பில்லை.

பிறகு மீண்டும் சீனா சென்றார். சிங்கப்பூரில் சில காலம் வேலை பார்த்தார். இறுதியில் பினாங்கை வந்தடைந்தார். ஓவியம் மட்டும் சோறு போடாத காலம் அது. அதனால், அவர் புகைப்படத் தொழிலையும் கற்றுக்கொண்டார். சூலியா தெருவில் தாய் கூன் என்ற பெயரில் தொடங்கிய கூடம், 1930ஆம் ஆண்டு அவருடைய பெயராலேயே முன் சென் ஸ்டூடியோ ஆனது. தொழிலுக்கிடையே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வரைந்தார். அவருக்கு வரையக் கற்பிக்கும் கலைக்கல்லூரி எதுவும் அன்று மலாயாவில் இல்லை.

அவர் வரைந்தவை கடற்கரைகள், மீனவர் படகுகள், அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பத்து வீடுகள், உழைக்கும் மக்கள். அவற்றோடு தென்னை மரங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சில ஓவியங்களில் அவை வெறும் பின்னணி அல்ல. சாய்ந்த தண்டுகளும் விரிந்த ஓலைகளும் படத்தையே தாங்கி நிற்கின்றன. பினாங்குக் கரையில் தென்னைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மையே. எனினும், ஐந்து வயதில் விட்டுப் பிரிந்த தோட்டமும் அவற்றில் கலந்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு. ஓலையைத் தீட்டிய விரைவான, திருத்தப்படாத கோடுகளில் சீனப் பள்ளியின் பயிற்சி தெரிகிறது. ஈரம் ததும்பும் வானத்தில் அந்த ஜப்பானியரின் வண்ணம் தெரிகிறது.

தாம் பெறாத வாய்ப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும் என அவர் விரும்பினார். 1936ஆம் ஆண்டு பினாங்குச் சீன ஓவியக் கழகம் உருவாகப் பாடுபட்டார். இங்கு ஒரு கலைக்கல்லூரி வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1938ஆம் ஆண்டு சிங்கப்பூரில் லிம் ஹாக் தாய் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார்.

1956ஆம் ஆண்டு முன் சென்னைப் பக்கவாதம் தாக்கியது. உடல் தளர்ந்தபோதும் அவர் ஓவியத்தை விட்டுவிடவில்லை. 1962ஆம் ஆண்டு பினாங்கில் காலமானார். அவர் தீட்டிய தென்னைகளைப் பினாங்கு மாநில ஓவியக்கூடத்திலும் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஓவியக்கூடத்திலும் இன்றும் காணலாம்.