53 வயதில் சைக்கிள் கற்ற மாதரசி

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால், இனி நமக்கு என்ன இருக்கிறது என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்பது சிறுவர்களின் வேலை என்று நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற ஒரு பெண்மணி அப்படி நினைக்கவில்லை. தமது 53-வது வயதில் அவர் சைக்கிள் ஓட்டக் கற்றார். அதுவும், சைக்கிளில் ஏறும் பெண்ணைக் கண்டால் ஊரே கேலி செய்த காலத்தில்!

அவர்தான் பிரான்சிஸ் வில்லார்டு அம்மையார்.

பண்ணையில் துள்ளிய சிறுமி

1839-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் சர்ச்வில் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். 1846-ல் குடும்பம் விஸ்கான்சின் பகுதிக்குக் குடியேறியது. அங்கே அவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. சுற்றிலும் வயலும் காடும்.

அண்ணன் ஆலிவர், தங்கை மேரி ஆகியோருடன் பிரான்சிஸ் நாளெல்லாம் ஓடி விளையாடினார். குதிரை ஏறத் தந்தை சம்மதிக்கவில்லை. அதற்காகச் சிறுமி சும்மா இருக்கவில்லை. ஒரு பசுவைப் பழக்கி, அதன் மேல் ஏறிச் சவாரி செய்தார்!

16 வயது வந்தது. அத்துடன் எல்லாம் முடிந்தது. அக்கால வழக்கப்படி, தரையைத் தொடும் நீண்ட அங்கியை அவருக்கு அணிவித்தார்கள். இடுப்பை இறுக்கும் உள்ளுடை, உயர்ந்த குதிகால் செருப்பு எல்லாம் வந்தன. தலைமுடியை வாரிச் சுருட்டி ஊசிகளால் கட்டினார்கள். இனி ஓட முடியாது. மரம் ஏற முடியாது. ஒவ்வோர் அடிக்கும் அங்கி காலைத் தடுக்கும். அன்று அவர் மனம் உடைந்தது. இனி எனக்கு வேலையே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

இன்னொரு காட்சியும் அவர் மனத்தில் பதிந்தது. அண்ணனுக்கு 21 வயது ஆனதும், தந்தையுடன் ஓட்டுப் போட வண்டியில் கிளம்பினார். சகோதரிகள் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நமக்கு ஏன் இந்த உரிமை இல்லை? அந்தக் கேள்வி அவரை விட்டு அகலவே இல்லை.

மதுவை எதிர்த்த தலைவி

பிரான்சிஸ் நன்றாகப் படித்து ஆசிரியை ஆனார். 1862-ல் அருமைத் தங்கை மேரி காச நோயால் இறந்தார். 1868-ல் தந்தை மறைந்தார். துயரங்களைத் தாங்கிக்கொண்டு அவர் முன்னேறினார். 1871-ல் எவன்ஸ்டன் பெண்கள் கல்லூரியின் தலைவரானார்.

அந்நாளில் குடிப்பழக்கம் பல குடும்பங்களை அழித்து வந்தது. கணவன் கூலிப் பணத்தைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வருவான். வீட்டில் குழந்தைகள் பட்டினி கிடக்கும். மனைவிக்குச் சட்டத்தில் போதிய பாதுகாப்பு இல்லை, ஓட்டும் இல்லை.

1874-ல் மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. வில்லார்டு அதன் செயலாளர்களுள் ஒருவரானார். 1879-ல் தலைவரானார். இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். ரயில் ஏறி ஊர் ஊராகச் சென்றார். மேடை மேடையாகப் பேசினார். மது ஒழிய வேண்டுமானால் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று துணிந்து சொன்னார். அமெரிக்காவில் அவர் பெயரை அறியாதவர்கள் குறைவு.

தாயின் பிரிவு

ஓயாத உழைப்பு அவர் உடம்பை வாட்டியது. 1892-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய தாயார் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்குத் தாயாரே உற்ற துணை. அந்தத் துணையும் போய்விட்டது. அவர் மிகவும் தளர்ந்து போனார்.

இங்கிலாந்தில் அவருக்கு ஒரு நல்ல தோழி இருந்தார். லேடி ஹென்றி சாமர்செட் என்ற அந்தச் சீமாட்டி இங்கிலாந்தில் மதுவிலக்குப் பணி செய்தவர். 1892-ல் வில்லார்டு இங்கிலாந்து சென்று அவருடைய விருந்தாளியாகத் தங்கினார். திறந்த வெளிக் காற்றும் உடற்பயிற்சியும் அவருக்குத் தேவைப்பட்டன.

சாமர்செட் அம்மையார் அவருக்கு ஒரு சைக்கிளைப் பரிசளித்தார்.

சைக்கிள் அப்போதுதான் நாம் இன்று அறிந்த உருவத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன் இருந்த வண்டியில் முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பின் சக்கரம் சிறியது. மேலே இருந்து விழுந்தால் எலும்பு முறியும். 1885-ல் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர், இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்த, சங்கிலியால் ஓடும் சைக்கிளை வெளியிட்டார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இவற்றால்தான் பெண்களும் வயது வந்தவர்களும் சைக்கிளில் ஏற வழி பிறந்தது.

ஆனால் ஏச்சுக்குக் குறைவில்லை. சைக்கிள் ஓட்டினால் பெண்களின் முகமே கோணிவிடும் என்று சில டாக்டர்கள்கூடப் பயமுறுத்தினார்கள்!

கிளாடிஸ்

வில்லார்டு அஞ்சவில்லை. தம் சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று செல்லப் பெயர் வைத்தார். மகிழ்ச்சி தருபவள் என்ற கருத்தில் அந்தப் பெயர்.

முதலில் வலிமை மிக்க மூன்று வாலிபர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மையார் நடுங்கிக்கொண்டே ஏறி அமர்ந்தார். பிறகு இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்து வந்தார்கள். அதன்பின் ஒருவர் மட்டும் உடன் நடந்தார். பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.

கால்சட்டை போன்ற உடைக்கு அவர் மாறவில்லை. தரையிலிருந்து மூன்று அங்குலம் உயரத்தில் நிற்கும் பாவாடை, சட்டை, வைக்கோல் தொப்பி, நடப்பதற்கு ஏற்ற ஜோடு. இவைதான் அவர் உடை.

சிறுவர்கள் விழுந்தாலும் உடனே எழுந்துவிடுகிறார்கள். வயது வந்தவர்களுக்கு விழுவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. அம்மையாருக்கும் அப்படித்தான். முன் சக்கரத்தையே குனிந்து பார்த்தார், வண்டி தள்ளாடியது. தலையை நிமிர்த்தித் தூரத்தில் பார்வையை வைத்தார். வண்டி நேராக ஓடியது. தயங்கி நின்றால் சாயும். பெடலை விடாமல் மிதித்தால் நிற்கும். தள்ளாடுவது சக்கரம் அல்ல, மனந்தான் என்று அவர் கண்டுகொண்டார்.

முதலில் பெடல் மிதிக்கக் கற்றார். இரண்டாவது, திருப்பக் கற்றார். மூன்றாவது, இறங்கக் கற்றார். கடைசியாகத்தான் தாமே ஏறக் கற்றார். நாள்தோறும் சராசரி 15 நிமிடப் பயிற்சி. இப்படிச் சுமார் மூன்று மாதம். கூட்டிப் பார்த்தால் முழுதாக ஒரு நாள்கூட ஆகாது!

ஜனவரி 20-ந் தேதி. யார் துணையும் இல்லாமல் அவர் தாமே ஏறித் தனியே ஓட்டினார். அந்த நாளை அவர் பொன்னாளாகப் போற்றினார். 16 வயதில் பறிபோன ஓட்டமும் காற்றும் மீண்டும் அவருக்குக் கிடைத்தன.

ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அவர் காரணம் சொன்னார். துணிகரச் செயலில் தமக்குள்ள இயல்பான ஆசை ஒன்று. இந்தப் புதிய கருவியை வசப்படுத்த வேண்டும் என்ற விருப்பம் இன்னொன்று. இந்த வயதில் முடியாது என்று பலர் நினைத்ததும் ஒரு காரணம்! இளைஞர்களைச் சாராயக் கடையிலிருந்து வெளியே இழுக்கச் சைக்கிள் நல்ல துணை என்றும் அவர் கருதினார்.

தம் அனுபவத்தை அவர் ஒரு சிறு நூலாக எழுதி, 1895-ல் வெளியிட்டார். தாம் கற்றது தம்மோடு போகக் கூடாது, மற்றப் பெண்களும் துணிவு பெற வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மறைவும் புகழும்

1898-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, நியூயார்க் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

1905-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் அவருடைய சிலை நிறுவப்பட்டது. அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். 1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933-ல் அது நீக்கப்பட்டது. ஆனால் அதே 1920-ல் பெண்களுக்குக் கிடைத்த ஓட்டுரிமை நிலைத்து நின்றது. ஜன்னல் வழியே அண்ணனைப் பார்த்து நின்ற சிறுமியின் கேள்விக்கு நாடே பதில் சொல்லிவிட்டது.

பெரிய போராட்டங்கள் நடத்திய அந்த அம்மையார், சைக்கிள் பழகுவதையும் சிறிய காரியமாக நினைக்கவில்லை. தினம் கால் மணி நேரம், நிமிர்ந்த பார்வை, விடாத மிதி. இவை மூன்றும் இருந்தால் எந்த வயதிலும் எதையும் கற்கலாம்.